இரண்டு இரவு, ஒரு கார்: தஞ்சாவூரா, கும்பகோணமா, தரங்கம்பாடியா?

விடுமுறை நெருங்கினால் டெல்டாக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி வரும். "சனிக்கிழமை காலையில கார்ல கிளம்பி, திங்கள் ராத்திரி வீடு திரும்பணும். அத்தை மாமாவும் வர்றாங்க, பிள்ளைங்க ரெண்டு பேர். ரூம் தஞ்சாவூர்ல போடவா, கும்பகோணத்துலயா? தரங்கம்பாடி நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?" கேட்பவர் கையில் அதற்குள் ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், நவக்கிரகத் தலங்களில் நாலைந்து, சுவாமிமலை, வேளாங்கண்ணி, கடைசியாகக் கொஞ்சம் கடற்கரை. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும்.

அந்தப் பட்டியலை அப்படியே ஓட்டி முடிக்கப் பார்ப்பவர்கள் மூன்றாம் நாள் அலுத்துச் சலித்துத்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஊரைச் சுற்றி எது முடியுமோ அதை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நல்லது. மூன்று ஊரும் நல்ல ஊர்தான், ஆனால் மூன்றும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்தாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் நடுப்பகல். டெல்டாவில் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போடும் திட்டத்தில் இந்த இடைவெளி இருப்பதே இல்லை. பதினொன்றரைக்கு ஒரு கோயிலை விட்டுக் கிளம்பி, அடுத்த கோயிலுக்கு அவசரமாக ஓட்டிப் போய், சாத்திய கதவுக்கு முன்னால் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எந்தத் தலத்திலும் பார்க்கலாம்.

ஆகவே நாள் கணக்கை விட்டுவிட்டு வேளைக் கணக்குக்கு வாருங்கள். காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை ஒரு வேளை. மாலை நான்கரையிலிருந்து எட்டு வரை இன்னொரு வேளை. இரண்டு இரவு தங்கினால், வந்து சேரும் நாளின் மாலை, மறுநாள் காலையும் மாலையும், கிளம்பும் நாளின் காலை என்று மொத்தம் நான்கு வேளைதான் கையில் இருக்கிறது. ஒரு வேளைக்குப் பெரிய இடம் ஒன்று, நேரம் மிஞ்சினால் பக்கத்தில் சின்ன இடம் ஒன்று. அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் வாசலில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறுவதில்தான் முடியும். நடுவில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரத்தை உங்கள் குடும்பம் எங்கே, எப்படிக் கழிக்கும் என்று யோசித்துப் பாருங்கள், எந்த ஊர் என்பது பாதி தெளிவாகிவிடும்.

அடுத்தது கால். கோயில் என்றால் செருப்பு வாசலோடு சரி. மார்கழியிலேகூடப் பதினொரு மணிக்குக் கருங்கல் தரை சுடும், சித்திரையில் பத்து மணிக்கே நிற்க முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படியைவிட இந்தச் சூடுதான் பெரிய சிரமம், ஏனென்றால் அவர்களால் வேகமாக நடந்து நிழலுக்குப் போக முடியாது.

மூன்றாவது, சாலை. டெல்டாவில் தூரம் குறைவு, நேரம் அதிகம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டால் வாய்க்காலை ஒட்டி வளைந்து வளைந்து போகும் கிராமத்துச் சாலைதான். மணிக்கு முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள். தை, மாசியில் அறுவடை இயந்திரங்களும் நெல் ஏற்றிய டிராக்டர்களும் சாலையில் இருக்கும், பல ஊர்களில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்த கருங்கற்கள் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டிய பிறகு கிராமத்துச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டியிராதபடி தங்குமிடம் அமைவது மிக முக்கியம்.

இவற்றுக்கு அப்புறம்தான் பிள்ளைகளின் பொறுமை, அறை வாடகை, சாப்பாடு எல்லாம்.

| | தஞ்சாவூர் | கும்பகோணம் | தரங்கம்பாடி |
|---|---|---|---|
| நடுப்பகலில் | அரண்மனை, கலைக்கூடம் | சாப்பாடு, தூக்கம், கடைத்தெரு, ராமானுஜன் வீடு | வெயில் கடுமை, அறைதான் |
| முழங்கால் வலிக்கு | பரந்த வெளி, நடை அதிகம் | கோயிலுக்குக் கோயில் மாறும் | சமதளம், நடை குறைவு |
| பிள்ளைகளுக்கு | எட்டு வயதுக்கு மேல் மிக நல்லது | பட்டறைகள் பிடிக்கும், கோயில் அதிகமானால் சலிப்பு | எந்த வயதுக்கும் கடற்கரை |
| பக்கத்து நவக்கிரகத் தலங்கள் | ஒன்று | நான்கு | நான்கு |
| அறை கிடைப்பது | எளிது | முகூர்த்த நாளில் சிரமம் | எப்போதும் குறைவு |
| சொல்லாமல் வரும் செலவு | தனித்தனி நுழைவுச் சீட்டுகள் | பட்டும் பாத்திரமும் | சாப்பாட்டுக்கும் மற்றதற்கும் ஓடும் ஓட்டம் |

## தஞ்சாவூர்

ஒரே ஓர் இரவுதான் தங்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், தஞ்சாவூர்தான். பெரிய கோயிலும் அரண்மனையும் ஒன்றுக்கொன்று இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. காரை ஓட்டலில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போய் வரலாம். நடுப்பகலுக்கு உருப்படியாக ஒரு வேலை இருக்கிற ஊர் மூன்றில் இது ஒன்றுதான்.

பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். நாலரை மணிக்கு மேல் தரை ஆறத் தொடங்கும், 216 அடி விமானத்தில் மேற்கு வெயில் விழுந்து கல் பொன்னிறமாகும். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயில் இது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளியில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய உண்டு. நிழல் விழத்தான் செய்கிறது, கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுங்கள். அதைவிடப் பெரிய அதிசயம் கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கிறது. அடித்தளக் கல்லில் வரி வரியாக ஓடும் எழுத்துகள்தான் அது. நான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று அரசன் சொன்னதும் அதில் இருக்கிறது. அந்த அக்கன்தான் குந்தவை. கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டால், எழுத்து புரியாவிட்டாலும் விரலை அந்தரத்தில் ஓட்டித் தேட ஆரம்பித்துவிடும். தொடாமல் தேடச் சொல்லுங்கள்.

மறுநாள் நடுப்பகலுக்கு அரண்மனை. நாயக்கர்களும் பின்னால் மராட்டியர்களும் இருந்த இடம். இங்கே நேரம் குறைவென்றால் தர்பார் மண்டபத்தைக்கூட விட்டுவிடலாம், கலைக்கூடத்தை விடக்கூடாது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கேதான் இருக்கிறார். 1011-ஐ ஒட்டி வார்த்த செம்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஊன்றி, வலக்கையைக் காளையின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். காளை மட்டும் இல்லை. அது இன்றைக்குக் கிடைக்காமல் போய்விட்டது. வெறும் காற்றில் ஊன்றிய அந்த முழங்கையைப் பார்த்ததும் அங்கே ஒரு காளை நிற்பது நமக்குத் தெரிகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதனுக்குக் கை அப்படி வேலை செய்திருக்கிறது. இதன் முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். சரஸ்வதி மகால் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான். அதன் வார விடுமுறை எந்த நாள் என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளைக் கணக்கில் மிச்சம் மூன்று. அதில் ஒரு காலையில் 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருவையாறு போகலாம். ஐயாறப்பர் கோயில், காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி, அப்புறம் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அசோகா அல்வா. பாசிப்பருப்பில் செய்வது, இலையில் வாங்கிச் சூடாகச் சாப்பிட வேண்டும். சந்திரனுக்குரிய திங்களூரும் அந்தப் பக்கம்தான். கல்லணையைப் பலரும் தஞ்சாவூரோடு சேர்க்கிறார்கள். அது தஞ்சாவூரைவிடத் திருச்சிக்குத்தான் கிட்ட, திருச்சி வழியாக வருகிறவர்கள் வரும்போதோ போகும்போதோ பார்த்துக்கொள்ளலாம்.

குறையும் சொல்ல வேண்டும். பெரிய கோயில் வளாகம் மிகப் பரந்தது. வாசலிலிருந்து சன்னிதிவரை போய்ச் சுற்றி வருவதற்குள் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் களைத்துவிடும். விடுமுறை நாள் மாலையில் வண்டி நிறுத்தப் படும் பாடும் கொஞ்சம் அல்ல. அரண்மனையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு, கேமராவுக்கும் தனி. ஆறு பேர் போனால் கூட்டிப் பார்க்கும்போது நினைத்ததைவிட அதிகமாக இருக்கும். தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் வாங்க நினைத்தால், தங்கத் தகடு ஒட்டிய படத்துக்கும் பளபளப்புத் தாள் ஒட்டிய படத்துக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். எது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கோயம்புத்தூர், திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும், படிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும், வேண்டுதல் எதுவும் இல்லாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கும் தஞ்சாவூர்தான் சரி.

## கும்பகோணம்

இரண்டு இரவு, மூன்று தலைமுறை என்றால் நான் கும்பகோணத்தைத்தான் சொல்வேன். காரணம், அது நடுவில் இருக்கிறது. தஞ்சாவூர் மேற்கே 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கங்கைகொண்ட சோழபுரம் வடக்கே சுமார் 35. தாராசுரம் ஊரை ஒட்டியே இருக்கிறது. ராஜராஜன், அவன் மகன் ராஜேந்திரன், பிறகு 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று சோழர்கள் எழுப்பிய மூன்று பெருங்கோயில்களையும் ஒரே அறையிலிருந்து போய்ப் பார்த்துத் திரும்ப முடிகிற ஊர் இதுதான். யுனெஸ்கோ 1987-இல் தஞ்சையை மட்டும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004-இல் மற்ற இரண்டும் சேர்ந்தன.

மூன்றில் எதை விட்டாலும் தாராசுரத்தை விடாதீர்கள். வயதானவர்களுக்கு ஏற்ற அளவு அது. சுற்றி வர அரை மணி நேரம் போதும், நின்று பார்க்க அரை நாளும் போதாது. முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராக நிற்கிறது. கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பகுதியில், நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. பாட்டி கதை சொல்லப் பேரன் கண்டுபிடிக்கலாம். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. ஒரே ஒரு வளைவுதான், காளைக்குத் திமிலாகவும் யானைக்குத் துதிக்கையாகவும் மாறிப் போகிறது என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிச் சண்டை போடுவார்கள். தட்டினால் ஒலிக்கும் படிகளைக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், ஏமாற வேண்டாம். நல்ல மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் நிற்பதுண்டு. வந்து சேரும் நாளின் மாலை வேளைக்குத் தாராசுரம் மிகப் பொருத்தம்.

சுவாமிமலை கும்பகோணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். முருகன் சன்னிதிக்கு அறுபது படி, தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒவ்வொன்று. முட்டி வலிப்பவர்கள் கீழே இருக்கட்டும், அவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போக வேறு இடம் அந்த ஊரிலேயே இருக்கிறது. அதுதான் ஸ்தபதிகளின் பட்டறை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருக்கி, முதலில் முழுச் சிலையையும் மெழுகில் செய்கிறார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அதில்தான் அளவு எடுக்கிறார்கள். மெழுகுச் சிலையின் மேல் காவிரி வண்டலை மாவு போலக் குழைத்துப் பூசுகிறார்கள். முதல் பூச்சு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு விரல் நகம்கூட உலோகத்தில் தெளிவாக விழும். காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு வடிந்து ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒரு வார்ப்பில் ஒரே ஒரு சிலைதான் வரும். திருவெண்காட்டுத் திருமேனிகளை வார்த்ததும் இந்த முறையில்தான். வேலை நடக்கிற நேரத்தில் போனால் பெரும்பாலான பட்டறைகளில் நின்று பார்க்க விடுவார்கள். நடுவில் புகுந்து படம் எடுக்காமல் அனுமதி கேட்டுக்கொண்டால் போதும்.

நடுப்பகலுக்கு என்ன செய்வது? தஞ்சாவூர் அரண்மனை மாதிரி ஒரே பெரிய இடம் கும்பகோணத்தில் இல்லை. ஆனால் இலை போட்ட நல்ல சாப்பாடு, அறையில் இரண்டு மணி நேரத் தூக்கம், அப்புறம் ஒரு டிகிரி காபி என்பதே வயதானவர்களுக்கு நல்ல திட்டம்தான். தூங்காத பிள்ளைகளைச் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, தெருவைப் பார்த்த சன்னலோரம் ஒரு கட்டில். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்தா என்று பெரியவர்களே ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். காலைப் பலகாரத்துக்குக் கடப்பா கிடைத்தால் விடாதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டுச் செய்வது, இட்லிக்குச் சாம்பாரைவிடப் பொருத்தம். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது.

நவக்கிரகம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று வண்டி ஏற்பாடு செய்பவர்கள் சொல்வதை நம்பி வயதானவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். விடியற்காலையில் ஏறினால் ராத்திரிதான் இறங்க முடியும். ஒன்பதும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தால் வழி தானே தெரியும். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி நான்கும் கும்பகோணத்தைச் சுற்றி. வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு நான்கும் கடல் பக்கம். திங்களூர் மட்டும் திருவையாற்றை ஒட்டி. கும்பகோணத்தில் தங்குகிறவர்கள் ஒரு காலை வேளையில் முதல் நான்கில் இரண்டை நிதானமாகப் பார்க்கலாம். சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் அந்த ஜோடி எளிது. மீதியை இன்னொரு முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் கும்பகோணத்தின் கஷ்டங்கள். கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்கள் குறுகல். ஊர் நடுவில் அறை எடுத்தால் நடந்தே நாலு கோயில் பார்க்கலாம், ஆனால் பல விடுதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ராத்திரி முழுக்கக் காரைப் பற்றிய கவலையோடு படுக்க வேண்டும். ஊருக்கு வெளியே எடுத்தால் பார்க்கிங் உண்டு, ஒவ்வொரு முறையும் உள்ளே வர ஆட்டோ. பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் அறைகளை மொத்தமாக எடுத்துக்கொள்ளும், வாடகையும் ஏறும். குருப்பெயர்ச்சி, ராகு கேதுப் பெயர்ச்சி நாட்களில் ஆலங்குடி, திருநாகேஸ்வரம் பக்கம் வண்டியே நகராது. தேதி முடிவு செய்யும் முன் காலண்டரில் முகூர்த்தத்தைப் பார்த்துவிடுங்கள். மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அந்த மாசியில் சுற்றுலாவாக வர வேண்டாம்.

அப்புறம், திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரக் கடைகள். மூன்றும் பயணத்தின் மொத்தப் பெட்ரோல் செலவைத் தாண்டிவிடக்கூடியவை. வாங்குவது என்று முடிவானால் அதற்கு ஒரு நடுப்பகலையும் ஒரு தொகையையும் முன்பே ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் கிளம்பும் நாளின் காலை வேளை முழுக்கக் கடையிலேயே போய்விடும்.

## தரங்கம்பாடி

பிள்ளைகள் மிகச் சிறியவர்கள், வீட்டில் யாருக்கும் கோயில் கோயிலாகப் போகும் தெம்பு இல்லை, சும்மா இரண்டு நாள் சேர்ந்து இருந்தால் போதும் என்கிறவர்களுக்குத் தரங்கம்பாடி. தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜவீதி நேராகக் கடலுக்குப் போகிறது. இரு பக்கமும் பழைய தேவாலயங்கள், வீடுகள். எல்லாம் சமதளம், எல்லாம் நடக்கும் தூரம். 1706-இல் வந்த பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் அச்சகம் வைத்தார், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் இங்கே அச்சாகி வெளிவந்தது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கரையோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை தின்றுவிட்டது.

இதையெல்லாம் இரண்டு வேளையில் பார்த்து முடித்துவிடலாம். நடுப்பகலில் நிழல் கிடையாது, அறைதான் கதி. ஆகவே நல்ல அறை கிடைத்தால்தான் இந்த ஊர். கிடைப்பதோ விரல்விட்டு எண்ணும் அளவு, பழைய பங்களாக்களை மாற்றி அமைத்தவற்றில் வாடகை கும்பகோணத்து நல்ல விடுதியைவிடக் கூடுதலாகவே இருக்கும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கடைக்கும் பொறையாரோ காரைக்காலோ போக நேரிடும். கடல் பார்க்கத்தான், குளிக்க அல்ல. இழுப்பு அதிகம், கரையில் கல் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் தரங்கம்பாடி மற்ற இரண்டையும் தாண்டிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ திருக்கடையூரில் வைத்திருந்தால், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இந்த ஊர். பூஜை விடியற்காலையில் தொடங்கிவிடும், எனவே முந்தின நாள் கிட்டத்தில் தங்குவது அவசியம். சடங்கு முடிந்த மாலையில் எல்லோரும் கடற்கரையில் உட்கார்ந்து பேசலாம். திருக்கடையூர் ஏற்பாட்டாளர்களிடம் தொகை பேசும்போது சாஸ்திரிகள் தட்சிணை, கலசம், மாலை, மேளம், சாப்பாட்டு இலை எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தமாகச் சொன்ன தொகைக்குள் எது இல்லை என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியவரும்.

தஞ்சாவூர் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் போல. போய் வருவதிலேயே ஒரு நாள் முடிந்துவிடும். தரங்கம்பாடி வருகிறவர்கள் பெரிய கோயிலை இந்த முறை மறந்துவிடுங்கள். பூம்புகார், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் ஒரு காலை, போதும். காரைக்கால் பக்கம் போனால் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டைவிட விலை சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம்.

## ஊருக்கு ஓர் இரவு என்று பிரித்தால்?

பலரும் இதைத்தான் நடுவழியாக நினைக்கிறார்கள். கணக்கில் சரியாகத் தெரியும், நடைமுறையில் ஒரு காலை வேளையைத் தின்றுவிடும். ஆறு பேர் குளித்து, துணி மடித்து, மருந்துப் பெட்டியைத் தேடி, பில் கட்டி, டிக்கியில் சாமான் அடுக்குவதற்குள் மணி ஒன்பதரை. இதமான நேரம் அறையிலேயே போய்விடும். அடுத்த ஊரில் நண்பகலுக்கு முன்னால் அறை தருவதும் அபூர்வம். இளவட்டங்கள் நாலு பேர் என்றால் செய்யுங்கள். பெரியவர்கள், குழந்தைகளோடு என்றால் ஒரே அறை, ஒரே ஊர்.

விதிவிலக்கு, சென்னையிலிருந்து வருகிறவர்கள் மூன்று இரவு தங்க முடிந்தால். முதல் இரண்டு கும்பகோணம், மூன்றாவது தரங்கம்பாடி. வரும்போது விக்கிரவாண்டி, பண்ருட்டி, அணைக்கரை வழி, சற்று விலகினால் கங்கைகொண்ட சோழபுரம். திரும்பும்போது சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழி. போன வழியே திரும்ப வேண்டியதில்லை, சிதம்பரத்தில் காலை தரிசனமும் கிடைக்கும். இரண்டு வழியிலும் சாலை விரிவாக்கம் பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்து வருவதால், கிளம்பும் அன்று காலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

## எந்த மாதம்

மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் அப்போதுதான் அதிகம். காவிரியில் அப்போது மணல்தான் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் வரும். நீர் இருப்பு குறைந்த ஆண்டில் திறப்பு தள்ளிப் போகும். ஆற்றில் தண்ணீர் ஓடி, வாய்க்காலெல்லாம் நிறைந்த டெல்டாவைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் காலாண்டு விடுமுறைக்கோ அரையாண்டு விடுமுறைக்கோ வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழையும் புயலும் வரும். அந்த மாதங்களில் தரங்கம்பாடிக்கு அறை போடுவதானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அரையாண்டு விடுமுறைதான் என் தேர்வு. டிசம்பர் கடைசியில் சம்பா கதிர் விட்டு நிற்கும், வெயில் தாங்கும், மார்கழி என்பதால் கோயில்கள் விடியுமுன்னே திறந்துவிடும். காலை வேளை இன்னும் ஒரு மணி நேரம் நீளும். அந்த வாரத்தில் எல்லா ஊரிலும் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், குறைந்தது ஒரு மாதம் முன்னால் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை மூன்று: கீழ்த்தளத்தில் அறை உண்டா, லிஃப்ட் வேலை செய்கிறதா, கார் நிறுத்தும் இடம் வளாகத்துக்குள்ளேயா அல்லது தெருவிலா. டிரைவர் வைத்து வருகிறவர்கள் அவர் படுக்க இடம் தருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ராத்திரி சீட்டில் சுருண்டு படுத்தவரை மறுநாள் அந்த வளைந்த சாலைகளில் ஓட்டச் சொல்லக் கூடாது.